அன்பினாற் செய்யுந் தச்சு

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உளியும் இழைப்புளியுங் கைக்கொண்டு நாற்பது ஐம்பது ஆண்டுகள் உழைத்த முதியோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், ஏட்டையும் எழுதுகோலையுமே கருவியாகக் கொண்ட யாம் தச்சுத் தொழிலைப் பற்றிப் பேச முன்வருதல் கொல்லத் தெருவில் ஊசி விற்பதை யொக்கும். ஆயினும் சங்கத்தார் பணித்தமையாலும், நெடுநாளாகச் சொல்லக் கருதியதொன்று எம் உள்ளத்திற் கிடத்தலாலும், பெரியோர் பொறுப்பர் என்னுந் துணிவு கொண்டு சில கூறுவோம்.

யாம் இன்று பேச எடுத்துக்கொண்டது கோயில் தேரும் அன்று. கொடுங்கை வேலைப்பாடும் அன்று. காட்டிடையே ஒரு சிறு மரக்குடிலும், அதன் அடுக்களையிற் சாமான் வைப்பதற்கான தட்டுகளும் அலமாரிகளுமே எம் பொருள். அவற்றைச் செய்தவனும் தச்சினைப் பிழைப்பாகக் கொண்டவன் அல்லன். இத்துணை எளிய பொருளை இப்பேரவையில் எடுத்துரைப்பானேன் என்று வினவுவோர்க்கு, விடை உரையின் போக்கிற் புலனாகும்.

சொல்லாராய்ச்சி

ஊதியங் கருதாது ஒரு கலையையோ தொழிலையோ பயில்வோனை ஆங்கிலத்தார் 'அமெச்சூர்' என்பர். அச்சொல் பிரெஞ்சு மொழியினின்று வந்தது; அதன் வேர் இலத்தீன் மொழியில் அன்புசெய்தல் என்னும் பொருளுடையது. எனவே அமெச்சூர் என்பான் ஒன்றினை அதன்மேற் கொண்ட அன்பினாலேயே செய்பவன் என்பது பெறப்படும். நம்மவரோ அத்தகையோனைக் 'கற்றுக்குட்டி' என்றும் 'அரைகுறை' என்றும் எளிதில் எள்ளிவிடுகின்றனர். அன்பினைக் குறித்தெழுந்த சொல்லுக்கு இகழ்ச்சிப் பொருள் ஏற்றுதல் பொருந்துமோ என்பதை அறிஞர் ஓர்ந்து காண்க.

இனி 'அலமாரி' என்பது போர்த்துக்கேயர் வழியே நம் மொழியிற் புகுந்த சொல்லாகும். மேசை, சன்னல், சாவி என்பனவும் அவ்வாறு வந்தனவே. சொல் வேற்றுமொழியினதாயினும், பொருளைப் பேணிவைக்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சுவரிலே மாடமும், மேலே பரணும், தொங்குதற்கு உறியும் நம் அட்டிலில் இருந்தன. மிளகு, சீரகம், கடுகு முதலியவற்றைப் பகுத்துவைக்க நம் முன்னோர் கடைந்தும் குடைந்தும் செய்த அஞ்சறைப்பெட்டியைக் காட்டிலும் சிறந்ததோர் அடுக்களைப் பேழை எந்நாட்டில் உண்டு? பெட்டி சிறிதாயினும் அதன் கருத்துப் பெரிது. எடுக்குங் கைக்கு எட்டும் இடத்தில், எடுக்கும் முறைப்படி பொருள் இருத்தல் வேண்டும் என்பதே அக்கருத்து.

மேனாட்டில் இக்கருத்து முழு அடுக்களைக்கும் விரிந்தது 1926ஆம் ஆண்டில். ஜெர்மனி தேசத்துப் பிராங்க்பர்ட் நகரிற் கட்டப்பெற்ற தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே ஷுட்டே லிஹோட்ஸ்கி என்னும் அம்மையார், ஏறத்தாழ ஆறேகால் அடி அகலமும் பதினோரடி நீளமும் உள்ள சிற்றடுக்களை ஒன்றை வகுத்தமைத்தனர். சமைப்பவள் எத்தனை அடி நடக்கின்றாள், எங்கே திரும்புகின்றாள் என்பதை அளந்தறிந்து செய்தது அது. அதில் மாவு வைக்கும் இழுப்பறையை ஓக் மரத்தாற் செய்தனர். அம்மரத்தின் துவர்ப்புப் புழுவை அண்டவொட்டாது என்பது காரணம். மரத்தின் குணமறிந்து இடமறிந்து இடுதல் எந்நாட்டுத் தச்சர்க்கும் பொதுவான அறிவென்பது இதனால் விளங்கும்.

காட்டுக்குடில் கட்டினோன்

இனி எம் கதைத் தலைவனைக் காண்போம். அவர் பெயர் ரிச்சர்டு பிரென்னெக்கி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அயோவா மாகாணத்தில் 1916ஆம் ஆண்டிற் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரிற் கப்பற்படையிற் சேர்ந்து அங்கே தச்சுவேலை பார்த்தார். கீல்வாதச் சுரத்தால் மாதக்கணக்கிற் படுக்கையிற் கிடந்தார். போர் முடிந்தபின் டீசல் எந்திரங்களைப் பழுதுபார்க்குந் தொழில் கற்று, அலாஸ்காவில் அதனாலேயே சீவனஞ் செய்தார். ஆகவே மரத்தை அவர் அறிவார். ஆனால் மரம் அவருக்குச் சோறிட்டதன்று.

ஐம்பது வயது கடந்தபின் அவர் உள்ளத்தில் ஓர் அவா எழுந்தது. தம் கைகளால் ஒரு குடில் கட்டிக் காட்டில் வாழ்ந்து பார்த்தல் வேண்டும் என்பதே அது. அலாஸ்காவில் இரட்டை ஏரி எனப் பொருள்படும் டுவின் லேக்ஸ் என்னுமிடத்தைத் தேர்ந்தார். அங்கே செல்லச் சாலையில்லை. நீரில் இறங்கும் சிறு விமானமே வழி. 1967ஆம் ஆண்டு கோடையில் ஸ்புரூஸ் மரங்களை வெட்டிப் பட்டையுரித்து அடுக்கிவிட்டு மீண்டார். 1968ஆம் ஆண்டு மே மாதத்தில் திரும்பி வந்து குடிலை எழுப்பத் தொடங்கினார். மரம் ஓராண்டு உலர்வதற்கு இடங்கொடுத்த பொறுமையை நம் இளைஞர் குறித்துக்கொள்க.

அவர் கொணர்ந்த கருவிகள் சிலவே. வாள், கோடரி, வாய்ச்சி, உளி, இழைப்பதற்கு இருகைப்பிடிக் கத்தி, துறப்பணம், அரம், மூலைமட்டம், தூக்குக்குண்டு என்னும் இவற்றுட் பலவற்றிற்குக் காம்பும் இல்லை. சுமை குறைதற்பொருட்டுத் தலைகளை மட்டுங் கொணர்ந்து, காம்புகளைக் காட்டு மரத்திலேயே செதுக்கிக்கொண்டார். மின்விசையில்லை, துணையாளும் இல்லை. மரங்களின் முனைகளிற் சேணம்போற் குடைந்து ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துச் சுவர் எழுப்பினார். கதவுக்கும் தட்டுகளுக்கும் வேண்டிய பலகைகளை மரத்தினின்று கைவாளாலேயே அறுத்தெடுத்தார். மேலும் கீழும் தனித்தனியே திறக்கும் இருபகுதிக் கதவு செய்து, அதன் கீல்களையும் மரத்தாலேயே கடைந்தமைத்தார். படுக்கையும், மேசையும், அடுப்பங்கரை மேடையும், தட்டுகளும், அகப்பையும், கிண்ணமும் அவர் கைவேலையே. எண்ணெய் வந்த தகரங்களை வெட்டிப் பாத்திரமும் சாமான் பெட்டியுமாக மாற்றினார்.

ஓராண்டு வாழ்ந்து பார்க்கச் சென்றவர் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலத்தின் பெரும்பகுதியை அங்கே கழித்தார். எண்பது வயது கடந்தபின்னரே காட்டை விட்டு வந்து, 2003ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் நாட்குறிப்பைக் கொண்டு சாம் கீத் என்பார் இயற்றிய நூல் 1973ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாம் வேலை செய்வதைத் தாமே படக்கருவியிற் பதிந்தும் வைத்தார். அக்குடில் 2007ஆம் ஆண்டில் அந்நாட்டின் வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டிற் சேர்க்கப்பெற்றது. ஓர் எந்திரத் தொழிலாளன் தன் அன்பினாற் செய்த சிறுகுடிலை ஓர் அரசு காத்துவருகின்றது என்பதை எண்ணுந்தோறும் எம் உள்ளம் உவகையுறுகின்றது.

குடிலின் அலமாரி கேட்கும் அறிவு

பிரென்னெக்கி ஒருவர் மட்டும் அல்லர். அந்நாட்டில் ஆசிரியரும், மருத்துவரும், கணக்கரும் விடுமுறைக் காலத்திற் காட்டுக்குடில் கட்டி, அதன் அடுக்களை அலமாரிகளைத் தாமே செய்துகொள்ளுதல் இன்றும் பெருவழக்கு. அவ்வேலை காண்பதற்கு எளிது, கையிலெடுத்தாற் கடிது. அதன் நுட்பங்களிற் சிலவற்றை ஈண்டு விளக்குவோம். முதியோர் இவற்றை நன்கறிவர். யாம் கூறுவது இளைஞர் பொருட்டு.

முதலாவது, அளவு. அந்நாட்டு வழக்கில் அடுக்களை மேடையின் உயரம் 36 அங்குலம். கீழலமாரியின் ஆழம் 24 அங்குலம். மேலலமாரியின் ஆழம் 12 அங்குலம். இரண்டிற்கும் இடைவெளி 18 அங்குலம். கீழே காற்பெருவிரல் நுழைய மூன்று நான்கங்குலம் உள்வாங்கிய இடம் விடுவர். இன்றேல் நிற்பவர் முதுகு வளையும். இவை கடைச்சரக்குக்கு உரிய பொது அளவுகள். வீட்டிற் செய்வோனுக்கோ இவற்றினும் நல்ல அளவுகோல் ஒன்றுண்டு. சமைப்பவரை நிறுத்தி, அவர் முழங்கைக்கு நாலைந்து அங்குலங் கீழே மேடையை அமைத்தலே அது. விலைக்கு வாங்கியது எல்லார்க்கும் பொருந்தும். செய்துகொண்டது அவர்க்கே பொருந்தும்.

இரண்டாவது, வாள் தின்னும் அளவு. ஒட்டுப்பலகை நான்கடி அகலமும் எட்டடி நீளமுமாக விற்கும். நான்கடியை இரண்டாகப் பிளந்தால் இருபத்துநான்கு அங்குலமாக இரண்டு கிடைக்கும் என்று கணக்கறிந்தோன் கூறுவான், தச்சறிந்தோன் கூறான். வாளின் பல்லகலம் அரைக்கால் அங்குலம் போய்விடும். ஒவ்வொன்றும் இருபத்துநான்கிற்கு அரை நூல் குறையும். பள்ளிக்கூடத்துக் கணக்கிற்கும் பட்டறைக் கணக்கிற்கும் உள்ள வேற்றுமை இதுவே. எம் மாணவர்க்கு யாம் இதனை உதாரணமாகக் கூறுவதுண்டு. கழித்தல் கணக்கு அன்றைக்கே அவர்கள் மனத்திற் பதிந்துவிடுகின்றது.

மூன்றாவது, மரத்தின் உயிர்ப்பு. மரம் வெட்டுண்டபின்னும் ஈரத்தை உண்டும் உமிழ்ந்தும் வருவது. நீளவாக்கில் அது பெரும்பாலும் மாறாது, அகலவாக்கில் மாறும். ஓரடி அகலமுள்ள பலகை பருவத்துக்குப் பருவம் கால் அங்குலம் அளவும் விரிந்து சுருங்குதல் உண்டு. காட்டுக்குடிலிலோ மாறுதல் மிகுதி. ஆள் இல்லாத மாதங்களிற் குளிர்ந்து கிடக்கும். வந்து தீமூட்டியவுடன் வறண்டுபோகும். அகன்ற பலகையை நான்கு புறமும் பசையிட்டு இறுக்கினால், அது வெடிக்கும் அல்லது சட்டத்தைப் பிளக்கும். ஆகவே சட்டத்தின் உட்புறத்திற் காடி எடுத்து, பலகையின் விளிம்பை அக்காடியிற் பசையின்றி நுழைத்து, அசைய இடம் விடுவர். சட்டம் கதவின் அளவைக் காக்கும். பலகை தன்னியல்பிற் பெருகிச் சுருங்கும். நம் ஊர்ப் பழைய வீடுகளின் பலகைக் கதவுகளையும் பேழைகளையும் உற்று நோக்குவோர், நம் முன்னோரும் இந்நுட்பத்தை அறிந்திருந்தனர் என்பதை அறிவர்.

நான்காவது, சுவரின் இறக்கம். அடுக்கிய மரச்சுவர் உலருந்தோறும் தாழ்ந்துவரும். பச்சை மரமாயின் ஓரடி உயரத்துக்கு அரையங்குலமும் அதற்கு மேலுங்கூட இறங்கும். எட்டடிச் சுவர் நான்கங்குலத்துக்கு மேல் தாழும். இதனை அறியாது மேலலமாரியைப் பல மரங்களோடு சேர்த்து இறுக முடுக்கிவிட்டவன், இரண்டாண்டிற் கதவு திறவாமற் கலங்குவான். அல்லது சுவர் அலமாரியின்மேல் தொங்கி நின்று மரங்களிடையே வெளிச்சம் தெரியக் காண்பான். அறிந்தவனோ, செங்குத்தான சட்டங்களில் நீண்ட துளையிட்டு, முறுக்காணி அத்துளையில் வழுக்கியிறங்க இடம் விட்டு, அச்சட்டங்களின்மேல் அலமாரியைத் தொங்கவிடுவான். தொங்கவிடுதற்கு எளிய முறை ஒன்றுண்டு. ஒரு சட்டத்தை நீளவாக்கிற் சாய்வாகப் பிளந்து, ஒரு பாதியைச் சுவர்ப்புறத்தும் மறுபாதியை அலமாரியின் முதுகிலும் அறைந்தால், ஒன்றின் சாய்வு மற்றொன்றின் சாய்வில் அமர்ந்து சுமையைத் தாங்கும். வேண்டும்போது தூக்கியெடுக்கவும் கூடும்.

ஐந்தாவது, தொடங்குமிடம். குடிலின் தளம் சமமாயிருத்தல் அரிது. தளத்தில் மிக உயர்ந்த இடத்தை முதலிற் கண்டு, அங்கிருந்து இரசமட்டம் பிடித்துச் சுவரிற் கோடிடுதல் வேண்டும். தாழ்ந்த இடங்களில் ஆப்பு வைத்து உயர்த்தலாம். உயர்ந்த இடத்தைத் தாழ்த்துதல் அரிது. மேலலமாரிகளை முதலிலும் கீழலமாரிகளைப் பின்னரும் பொருத்துவது முறை. இன்றேல் கீழதன்மேற் சாய்ந்து நின்று வேலை செய்து முதுகு நோவர். இவையெல்லாம் சிறு செய்திகளே. ஆயினும் சிறு செய்திகளின் கூட்டமே தொழில் என்பதை மறவற்க.

நமக்கு இதனால் ஆவதென்ன?

பெரியோர்களே! இதுகாறுங் கூறியவற்றால் நமக்கு ஆவதென்ன என்பதை இனி நோக்குவோம். நம்மவருள் ஒரு சாரார், "ஊரார் எல்லாரும் தமக்குத் தாமே அலமாரி செய்துகொண்டால் நமக்குக் கூலி ஏது?" என்று வினவுகின்றனர். இவ்வச்சம் இயல்பே, ஆனால் இலக்குத் தவறியது. ஓர் இழுப்பறையைத் தானே செய்ய முயன்றவன், நான்கு மூலையும் நேராக அமைதற்கு எத்துணை உழைப்பு வேண்டும் என்பதை அறிவான். அவன் மறுமுறை தச்சனிடம் வரும்போது கூலியைக் குறைத்துப் பேச நாணுவான். தொழிலின் அருமையை உணராதவனே விலையைக் குறைக்கின்றான். உணர்ந்தவன் மதித்துக் கொடுக்கின்றான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைக்கு மேலே அழகிய தோல் ஒட்டி, அதனையே மரம் என்று விற்குங் காலம் இது. நீர் பட்டாற் பருத்து உதிரும் அதனையும் வைரம் பாய்ந்த பலகையையும் வேறுபிரித்து அறியும் கண், ஒருமுறையேனும் இழைப்புளி பிடித்தவனுக்கன்றி வேறு எவனுக்கு உண்டு? ஆதலின் அமெச்சூர் நம் பகைவன் அல்லன். நம் தொழிலின் பொருளறிந்த நல்ல வாடிக்கைக்காரன்.

மற்றொரு சாரார், "தச்சு நம் குருதியில் ஊறியது, பிறர்க்கு அது வாராது" என்று பெருமை பேசுகின்றனர். இப்பெருமை நம் பிள்ளைகட்கு நன்மை செய்யவில்லை என்பதே எம் கருத்து. சைபீரியாவில் 1920ஆம் ஆண்டிற் பிறந்து, சுவீடனிற் பயின்று, பின்னர்க் கலிபோர்னியாவில் பலர்க்கு அலமாரித் தச்சைக் கற்பித்த ஜேம்ஸ் கிரெனாவ் என்பார், முப்பது வயதிற்கு மேலே இத்தொழிலைக் கற்றவர். அலமாரித் தச்சனின் குறிப்பேடு எனப் பொருள்படும் அவர் நூல் 1976ஆம் ஆண்டில் வெளிவந்து, உலகமெங்கும் மரவேலை செய்வோர் கைகளில் வழங்கிவருகின்றது. அத்துணைப் பெயர் பெற்ற பின்னரும் அவர் தம்மை அமெச்சூர் என்றே சொல்லிக்கொண்டார். குருதியால் வருவதன்று கைத்திறம், பயிற்சியால் வருவது. பயிற்சியோ அன்பில்லாத இடத்தில் நிலையாது.

இவ்வன்பே நம்மிடங் குறைந்துவருகின்றது. வகுப்பில் எழுந்து தந்தையின் தொழில் யாதெனச் சொல்லும்போது, தச்சு என்னுஞ் சொல்லை மெல்லெனக் கூறித் தலைகவிழும் சிறுவரை யாம் கண்டிருக்கின்றோம். அச்சிறுவர்மீது யாம் குறை கூறோம். தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்ட நாட்டில், தொழிலைச் சொல்லுதல் சாதியைச் சொல்லுதலே ஆகிவிடுகின்றது, அதனால் நாணுகின்றனர். 1953ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தார், இராஜாஜி முதலமைச்சராயிருந்த காலத்தில், ஆரம்பப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகவேண்டும் என்றொரு திட்டங் கொணர்ந்தனர். மக்கள் அதனைக் குலக்கல்வி என்று கூறி எதிர்த்தனர். காமராசர் முதலமைச்சரான 1954ஆம் ஆண்டில் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டது நன்றே. ஏனெனின், தச்சன் மகனுக்கு உளியும் பிறன் மகனுக்கு ஏடும் என விதித்தல் அறமாகாது.

ஆனால் ஒன்றை நாம் மறந்துவிட்டோம். அத்திட்டத்தில் தீயது கட்டாயமேயன்றிக் கருவியன்று. கட்டாயத்தைக் களைந்தபோது கருவியையும் உடன் எறிந்துவிட்டோம். இன்று நம் பிள்ளைகள் பொறியியல் கற்கின்றனர், மகிழ்ச்சியே. அவருட் பலர் ஓர் ஆணியை நேராக அறையார். தாத்தா அறைந்த ஆணி எது, முளை எது என்றும் அறியார். அந்த எந்திரத் தொழிலாளி காட்டிற் சென்று, காம்பில்லாத கோடரிக்குக் காம்பு செதுக்கிப் பெருமையுற்றார். அவர்மேல் எவரும் அத்தொழிலைச் சுமத்தவில்லை. ஆதலின் அவர்க்கு அதில் இழிவு தோன்றவில்லை. சுமையாக வந்தபோது இழிவாகவும், விருப்பாக வந்தபோது இன்பமாகவுந் தோன்றுவது ஒரே தொழில்தான். இஃதே யாம் இவ்வவையிற் சொல்ல விழைந்தது.

மூன்று வேண்டுகோள்கள்

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்கள் விடுக்கின்றோம்.

ஒன்று: விடுமுறை நாட்களில், நம் பட்டறைகளுள் ஒன்றிரண்டினைப் பிள்ளைகட்குத் திறந்துவைத்தல் வேண்டும். ஆண்பிள்ளைக்கு மட்டும் அன்று, பெண்பிள்ளைக்கும் வேண்டும். அடுக்களையின் அளவறிந்தவர் பெண்டிர். அவர் கைக்கு உளி செல்லாதிருத்தல் எவ்வாறு தகும்? நம் குலத்தார்க்கு மட்டும் என்று வேலியிடுதலும் வேண்டா. அண்டை வீட்டுப் பிள்ளை ஆசையோடு வரின் அவனுக்கும் ஒரு மணை இடுக. தொழிலுக்காக அன்று, கைக்கும் கண்ணுக்கும் நேர்மை வருவதற்காகவே இப்பயிற்சி. முதல் வேலையாக ஒவ்வொருவரும் தம் வீட்டு அடுக்களைக்கு ஓர் அஞ்சறைப்பெட்டி செய்வாராக.

இரண்டு: முதியோர் நாவிலுள்ள தொழிற்சொற்களை எழுதிவைத்தல் வேண்டும். கருவிக்கும், பொருத்துக்கும், மரத்தின் குற்றத்துக்கும் குணத்துக்கும் ஊருக்கு ஊர் பெயர் வேறுபடும். அச்சொற்களுட் பல அகராதியில் இடம்பெறவில்லை. ஒரு முதியவர் மறைந்தால் அவரோடு சில சொற்களும் மறைகின்றன. எழுதும் பணியை யாமும் எம் மாணவரும் ஏற்கச் சித்தமாயிருக்கின்றோம். சொல்லும் பணியைப் பெரியோர் ஏற்றருள்க.

மூன்று: தானே செய்ய முயல்வோனை எள்ளாதிருத்தல் வேண்டும். அவன் செய்த அலமாரி கோணலாயிருப்பின், கோணல் எங்கே என்று காட்டுக. ஏன் செய்தாய் என்று கேளற்க. பெருந்தச்சர் எவரும் முதற் பலகையை நேராக இழைத்தவர் அல்லர்.

அன்பர்களே! வாழ்வதற்கு வேண்டிய பொருளுள் ஒன்றையேனும் தன் கையாற் செய்து, அதனை நாள்தோறும் பயன்படுத்துகின்றவன், பிறர் உழைப்பை ஒருநாளும் எளிதாக எண்ணான். அத்தகையோர் நம் குலத்தினும் பிற குலத்தினும் பெருகுவாராக. அவர் பெருகுமிடத்தில் நம் தொழிலும் பெருமையுறும்.